ஒரு பிடி வரலாறு

'பிடி' என்னும் சிறு சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. கைக்குள் அடங்கும் அளவு பிடி. கருவியில் கை பற்றும் இடம் பிடி. பற்றுதல் என்னும் செயலும் பிடியே. பெண் யானைக்கும் அதுவே பெயர். யானையை இங்கே விட்டுவிடுவோம். ஏனைய மூன்றும் ஒரு சொல்லில் வந்து கூடியிருப்பதைக் காணும்போது, இம்மொழியைப் பேசிய மக்கள் கையால் உலகை அளந்து, கையால் உலகை ஆக்கியவர்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. உழவின் பெருமையைக் கூற வந்த வள்ளுவரும், உழவர் கை ஓய்ந்தால் துறந்தவர்க்கும் நிலையில்லை என்னும் கருத்தில் கையையே முன்னிறுத்தினார்.

நம் நாட்டு இரப்பர்த் தொழிலின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பல உள்ளன. ஏக்கர்க் கணக்கு, ஏற்றுமதிக் கணக்கு, இலண்டன் சந்தையின் விலை ஏற்ற இறக்கம், கப்பலில் வந்த ஆள்களின் தொகை ஆகியவை அவற்றில் ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். அந்த விளைச்சலை எல்லாம் மரத்திலிருந்து வாளிக்குக் கொணர்ந்த கைகள் கத்தியை எவ்வாறு பிடித்தன என்பது அவற்றில் இராது. அஃது ஒரு செய்தியா என்று சிலர் வினவலாம். செய்திதான் என்பது என் கருத்து. பால்வெட்டு 'இலேசான வேலை' என்று கருதப்பட்டது. அதனால் அது பெண்களுக்கும் சிறுவர்க்கும் ஏற்றதெனக் கொள்ளப்பட்டது. அவர்களுக்குக் கூலியும் குறைத்தே அளக்கப்பட்டது. பின்னர் செம்பனை வந்தபோது அவர்களுடைய திறம் கேட்பாரற்றுப் போயிற்று. இவை யாவும் கையின் பிடியைத் தவறாக எடைபோட்டதன் விளைவுகள் என்றே எனக்குப் படுகின்றன.

இந்த எண்ணம் எனக்கு நூலகத்தில் தோன்றவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வழுக்கி விழுந்து வலக்கை மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்தபின் கைப்பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த இளம்பெண் ஒரு பிடிமானியை என் கையில் கொடுத்து, "ஐயா, முடிஞ்ச மட்டும் இறுக்கிப் பிடிங்க" என்றார். முள் பதினெட்டுக் கிலோவில் நின்றுவிட்டது. வீட்டில் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. ஈரத் துண்டைப் பிழிய முடியவில்லை. தண்ணீர் நிறைந்த பானையை அடுப்பிலிருந்து இறக்க முடியவில்லை. தோளில் வலிமை இருந்தது, முதுகில் இருந்தது, அந்த வலிமை பொருளைச் சென்றடைய வழியில்லை. அப்பொழுதுதான், முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாள்தோறும் கத்தி பிடித்த என் அன்னையின் கையை நான் முதன்முறையாக நினைத்துப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவர் வாழ்ந்தது கோலசிலாங்கூர் மாவட்டத்துப் புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில். புக்கிட் என்றால் குன்று. பெலிம்பிங் என்பது ஐந்து வரம்புடைய ஒரு பழம். குறுக்கே அரிந்தால் விண்மீன் போல் இருக்கும். ஐவிரலைப் பற்றி எழுதுவதற்கு ஏற்ற ஊர்ப்பெயர்தான்! நான் வளர்ந்த தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. அந்நாளில் அவ்வட்டாரத்துத் தோட்டங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை அல்ல: பெரட்டுக்களம், லயங்கள், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, அப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் பால்மரம்.

கையும் முன்கையும்

பிடி என்றதும் நாம் விரல்களை நினைக்கிறோம். உண்மையில் விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை இல்லை. விரல்களை வலிமையுடன் மடக்கும் பெருந்தசைகள் முன்கையில் உள்ளன. அங்கிருந்து புறப்படும் நீண்ட நாண்கள் மணிக்கட்டின் ஒடுக்கமான வழியே நுழைந்து விரல்களைச் சென்றடைகின்றன. பொம்மலாட்டக்காரன் மறைவில் நின்று கயிற்றை இழுப்பது போன்ற ஏற்பாடு. அந்த வழியில் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. ஓயாத வேலையால் நாண்களின் உறைகள் வீங்கினால் நரம்பு நசுங்கும், விரல்கள் மரத்துப் போகும், இரவில் வலிக்கும். தோட்டத்து மூதாட்டியர் பலர் விடியுமுன் எழுந்து கையை உதறிக்கொண்டு நின்றதை நான் கண்டிருக்கிறேன். குளிர் என்று அவர்கள் சொன்னார்கள்.

1956ஆம் ஆண்டு ஜான் நேப்பியர் என்னும் ஆங்கில அறிஞர் மனிதக் கையின் பிடிகளை இரண்டாகப் பகுத்தார். சுத்தியலைப் பற்றுவது போல விரல்கள் அனைத்தும் பொருளை உள்ளங்கையோடு சேர்த்து அழுத்துவது ஒன்று. இதனை வலிப்பிடி எனலாம். எழுதுகோலைப் பற்றுவது போலக் கட்டைவிரலும் பிற விரல் நுனிகளும் எதிரெதிரே நின்று பொருளை ஆள்வது மற்றொன்று; இதனை நுண்பிடி எனலாம். பொருளின் வடிவத்தைக் காட்டிலும் செய்யப்போகும் வேலையின் நோக்கமே பிடியைத் தீர்மானிக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. ஒரே கோலை ஊன்றும்போது ஒருவிதமாகவும், அதனால் மணலில் எழுதும்போது வேறுவிதமாகவும் நாம் பிடிக்கிறோம் அல்லவா?

அன்றாட உடலுழைப்பில் பிடியின் பணி என்ன? உடலின் வலிமைக்கும் கருவிக்கும் இடையே அது பூட்டாக நிற்கிறது. கிணற்றில் நீர் இறைப்பவர் முதுகாலும் தோளாலும் இழுக்கிறார். கயிறு கையில் வழுக்குமாயின் அவ்வலிமை வீணாகிறது. அம்மியில் குழவியைத் தள்ளுவதும், உலக்கையை ஓங்குவதும், விறகு பிளப்பதும், தேங்காயைக் கூர்க்கம்பியில் குத்தித் திருகி மட்டை உரிப்பதும் அவ்வாறே. கை தளர்ந்தவர் பிற உறுப்புகளால் ஈடு செய்ய முயல்வார், மணிக்கட்டை வளைப்பார், தோளைத் தூக்குவார், இடுப்பைக் கோணுவார். மணிக்கட்டு உள்நோக்கி வளைந்தால் பிடி மேலும் குறையும். இதனை எவரும் சோதித்துப் பார்க்கலாம்: மணிக்கட்டை உட்புறம் நன்றாக மடக்கிக்கொண்டு கையை இறுக மூட முயன்றால் விரல்கள் கேட்க மறுக்கும்.

மற்றொரு செய்தியும் உண்டு. கையை இறுக மூடி அப்படியே வைத்திருந்தால் தசைக்குள் குருதி ஓட்டம் தடைபடுகிறது. விரைவில் களைப்பு வருகிறது. இறுக்கி, தளர்த்தி, மீண்டும் இறுக்கி வேலை செய்தால் நெடுநேரம் தாங்கலாம். ஆகவே, ஒரு நொடியில் எவ்வளவு அழுத்த முடியும் என்பது மட்டும் பிடி வலிமை ஆகாது. நாள் முழுவதும் வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் அழுத்தி, வேண்டாதபோது விட்டுவிடக் கற்றிருப்பதும் அதில் அடங்கும். பிடிமானி முன்னதை மட்டுமே அளக்கும்.

கோடரியிலிருந்து கத்திக்கு

பால்மரம் நம் நாட்டு மரம் அன்று. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலின் அமேசான் காடுகளிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொணர்ந்தார். அடுத்த ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. மரம் வந்துவிட்டது, அதனிடம் பால் வாங்கும் முறை உடன் வரவில்லை. அமேசான் காட்டில் பால் எடுப்போர் சிறு கோடரியால் பட்டையைக் கொத்தினர். கொத்து பட்டையைக் கடந்து உள்ளே சென்று மரத்தைப் புண்படுத்தியது. புண் ஆறியபோது பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்தது.

1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி இதனை மாற்றினார். ஒருமுறை சாய்வாகக் கோடிட்டபின், புதிதாகக் கொத்தாமல், அதே கோட்டின் கீழ் விளிம்பிலிருந்து மெல்லிய பட்டை ஒன்றைச் சீவி எடுத்தால் பால் மீண்டும் வடியும். சீவச் சீவ அளவும் கூடும் என்று அவர் பல்லாண்டு ஆய்வினால் காட்டினார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் பால்மரத்தை வாணிகப் பயிராக நட்டார். அதற்குப் பின் சிலாங்கூரின் காப்பித் தோட்டங்கள் விலை வீழ்ச்சியால் நலிந்தபோது பால்மரம் அந்நிலங்களில் பரவியது. இவை எல்லாப் பாடநூல்களிலும் உள்ள செய்திகள்.

அப்பாடநூல்கள் கூறாத ஒன்றைக் கூற விரும்புகிறேன். ரிட்லியின் முறை கோடரியைக் கத்தியாக மாற்றியபோது, மனிதக் கையின் பிடியையும் மாற்றிவிட்டது. கோடரி ஓங்கி அடிப்பது. அதற்கு வலிப்பிடி போதும். சீவுகத்தி அளந்து இழுப்பது. அதற்கு வலியும் வேண்டும், நுண்மையும் வேண்டும். பால்மரப் பட்டையின் புறத்தே கடினமான தோல் இருக்கிறது. உள்ளே மென்பட்டையில் பாற்குழாய்கள் நெருங்கி உள்ளன. அதற்கும் உள்ளே, மரத்தை வளர்க்கும் மெல்லிய வளர்படை இருக்கிறது. பால் மிகுதியாக வேண்டுமானால் வளர்படைக்கு அருகே செல்ல வேண்டும்; அதைத் தொட்டால் மரம் காயப்படும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து நிறுத்துவதே நல்ல வெட்டு. ஒரு மில்லிமீட்டர்! அதுவும் விடியுமுன், நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், கொசுக்கடிக்கு நடுவில். கதிரவன் ஏறுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஓடும். ஆதலால் இருளிலேயே தொடங்கினார்கள்.

மலாயாவில் மிகுதியும் வழங்கியது 'ஜெபோங்' எனப்படும் கத்தி. அதன் அலகு ஆப்பு வடிவில் மடிந்திருக்கும். வெட்டுபவர் அதைத் தம்மை நோக்கி இழுப்பார். இடப்புறம் மேலே தொடங்கி வலப்புறம் கீழே இறங்கும் கோட்டின் வழியே மரத்தைச் சுற்றிப் பின்னடி வைத்து நகர்வார். வலக்கை பிடியைப் பற்றும். இடக்கை கத்தியின் போக்கை நெறிப்படுத்தும். ஒரே இழுப்பில் முழுக் கோடும் வராது. சிறு சிறு இழுப்புகளாக, ஒவ்வொன்றும் முன்னதன் ஆழத்திலேயே நிற்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு உரிய நிரையில் தோட்டத்துக்குத் தோட்டம் 400 முதல் 600 மரம் வரை இருந்தது. மரத்திற்குப் பத்து இழுப்பு என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 500 மரத்திற்கு 5,000 இழுப்பு ஆகிறது. ஐயாயிரம் முறை இறுக்கி, ஐயாயிரம் முறை தளர்த்தி! அதன்பின் மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சேகரித்து, காண்டாக் கம்பின் இருமுனையிலும் தொங்கவிட்டுச் சுமந்து ஸ்டோருக்கு நடக்க வேண்டும். இதைத்தான் இலேசான வேலை என்றார்கள்.

ஒரு பள்ளி விடுமுறையில் அன்னையுடன் நிரைக்குச் சென்றேன். எனக்கு வயது பன்னிரண்டு. கத்தியை வாங்கி ஒரு முதிய மரத்தில் இழுத்தேன். முழு வலிமையும் கொண்டு பிடித்ததால் அலகு உள்ளே பாய்ந்து வெள்ளை மரம் தெரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. விரலால் சேற்றை எடுத்துக் காயத்தின்மேல் பூசினார். "இறுக்கிப் பிடிக்காதேடா தம்பி. கத்தி ஓடட்டும், நீ கூடப் போ" என்றார். மறுநாள் வெட்டைப் பார்வையிட வந்த தண்டல் சேற்றைச் சுரண்டிப் பார்த்துவிட்டார். "மரத்தை வெட்டச் சொன்னேனா, கொல்லச் சொன்னேனா?" என்று பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். அன்னை, "கை நழுவிருச்சுங்கய்யா" என்றார். அன்றைய பேரில் ஒரு பகுதி வெட்டப்பட்டது. அவர் கை ஒருநாளும் நழுவியதில்லை என்பதை அந்தத் தண்டல் அறிந்திருப்பார், நானும் அறிவேன்.

'கூடப் போ' என்ற அந்த அறிவுரைக்குள் நேப்பியரின் ஆய்வு முழுவதும் அடங்கியிருப்பதாகப் பின்னாளில் உணர்ந்தேன். கத்தி கூர்மையாக இருந்தால் குறைந்த அழுத்தம் போதும். ஆதலால் மாலைதோறும் லயத்துத் திண்ணையில் தீட்டுக்கல்லின் ஓசை கேட்கும். மழுங்கிய கத்தியை வைத்திருப்பவர் கையால் ஈடு செய்வார். நூறு மரத்திற்குள் களைத்துவிடுவார். களைத்த கை நடுங்கும். நடுங்கும் கை மரத்தைக் காயப்படுத்தும். கத்திப் பிடியில் சிலர் பழந்துணியைச் சுற்றினர். சிலர் மிதிவண்டிச் சக்கரத்தின் பழைய உட்குழாயை இழுத்து மாட்டினர். பிடி சற்றே பருத்து, வியர்வையிலும் பாலிலும் வழுக்காதிருந்தால் அதே வேலைக்குக் குறைந்த வலிமை போதும். கைக்குள் அடங்கும் கருவியின் பிடி 3 முதல் 4 சென்டிமீட்டர் குறுக்களவு இருப்பது நலம் என்று இன்றைய பணியியல் அறிஞர் கூறுகின்றனர். லயத்து மக்கள் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தே அந்த அளவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஒரு மரத்தின் பட்டை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சாண் அளவு சீவப்படும். மரத்தின் இரு பக்கமும் கன்னிப்பட்டை தீர்ந்து, முதலில் வெட்டிய இடத்தில் வளர்ந்த புதுப்பட்டைக்குத் திரும்ப வருவதற்குப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். அப்போது, முன்பு அங்கே கத்தி பிடித்தவர் நல்ல கையுடையவரா இல்லையா என்பது தெரிந்துவிடும். நல்ல கை பட்ட இடம் வழவழப்பாக இருக்கும். தவறிய இடமெல்லாம் முண்டாக எழுந்திருக்கும். ஏட்டில் எழுதப்படாத தொழிலாளர் வரலாறு மரப்பட்டையில் எழுதப்பட்டிருந்தது என்று கூறின் மிகையாகாது. மரங்களை வெட்டிச் சாய்த்தபோது அந்த ஆவணமும் விறகாயிற்று. 1925இல் தொடங்கப்பெற்ற இரப்பர் ஆராய்ச்சிக் கழகம், புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து கோலாலம்பூர் செல்லும் வழியிலுள்ள சுங்கை பூலோவில் ஆய்வுத் தோட்டம் அமைத்து, மரத்தின் இனம், சாய்வின் அளவு, வெட்டும் இடைவெளி ஆகிய அனைத்தையும் நுணுகி ஆராய்ந்தது. அதன் தொண்டு பெரிது. ஆயினும் மரத்தை ஆராய்ந்த அளவுக்கு வெட்டிய கையை எவரும் ஆராய்ந்ததாகத் தோன்றவில்லை.

கையை வேறு நோக்கில் பார்த்தவர் உண்டு. பீஜித் தீவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளைச் சேர்த்தபோது, உள்ளங்கை காய்த்திருக்கிறதா என்று பார்த்து ஆள் எடுக்கும் வழக்கம் இருந்தது. உழைத்துப் பழகியவரா என்பதற்கு அதுவே சான்று. மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் நீங்கிக் கங்காணி முறை தழைத்தது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் வந்தன. வந்தவர்கள் மண்வெட்டியும் ஏரும் பிடித்துப் பழகிய கையினர். காடழிக்கவும், கோலசிலாங்கூரின் தாழ்ந்த களிமண் நிலத்தில் வாய்க்கால் வெட்டவும் அந்தக் கை உடனே பயன்பட்டது. பால்வெட்டுக்கு அது புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. மண்வெட்டியை விட்டுக் கத்தியைப் பிடித்த முதல் தலைமுறைக்கு, இறுக்கும் பழக்கத்தை மறப்பதே பாடமாக இருந்திருக்கும்.

அவ்வாறு கற்ற கைக்குக் கிடைத்த கூலி என்ன? அரசு வகுத்த நிலைக்கூலித் திட்டத்திலேயே பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியைவிடக் குறைவு. பால்வெட்டில் பெண் எவ்வகையிலும் குறைந்தவள் அல்லள் என்பதைத் தோட்டங்கள் அறிந்திருந்தன. அறிந்தே அவளை நிரைக்கு அனுப்பின. பிடிமானியில் பெண்ணின் கை சராசரியாக ஆணின் கைக்குப் பின்னே நிற்கும் என்பது உண்மை. ஆயின் கத்தி கேட்டது பிடிமானி காட்டும் உச்ச வலிமையை அன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வும் சீனத் தொழிலாளர்க்கு இணையான ஊதியமும் கேட்டனர். துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தையும் எதிர்த்தனர். கைகள் கத்தியைக் கீழே வைத்தபோது அவற்றின் விலை சிறிது தெரிந்தது. அடுத்த ஆண்டே சப்பானியர் ஆட்சி வந்து, அதே கைகளில் பல சயாம் மரண இரயில் பாதைக்கு மண் வெட்டவும் கல் சுமக்கவும் இழுத்துச் செல்லப்பட்டன. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. சென்றவருள் மீளாதவர் எண்ணற்றோர்.

செம்பனை வந்த பின்

இன்று புக்கிட் பெலிம்பிங் பக்கம் செல்பவர் பால்மரத்தைத் தேடித்தான் காண வேண்டும். எங்கும் செம்பனை. இந்த மாற்றத்தின் வித்தும் இதே மாவட்டத்திலேயே விழுந்தது என்பது பலர் அறியாதது. 1917இல் ஹென்றி போகொன்னியே என்னும் பிரெஞ்சுத் தோட்டக்காரர் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வாணிகப் பயிராக நட்டார். நாட்டில் அதுவே முதல் முயற்சி. செம்பனைக்குத் தொட்டிலான தோட்டத்திற்குத் தென்னமரம் என்று பெயர் அமைந்தது ஒரு வேடிக்கை! போகொன்னியே பின்னர் மலாயாவைப் பற்றி எழுதிய புதினத்திற்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. பத்தாங் பெர்ஜுந்தாய் 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது.

விடுதலைக்குப் பின் 1960களிலிருந்து தோட்டங்கள் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனையை நட்டன. 1990ஐ ஒட்டிச் செம்பனையின் பரப்பு பால்மரத்தின் பரப்பைக் கடந்தது. செம்பனை கேட்ட பிடி முற்றிலும் வேறு. குட்டையான மரத்தில் நீண்ட கம்பின் முனையில் பொருத்திய உளியால் குத்திக் குலையை வெட்ட வேண்டும். மரம் உயர்ந்தபின் மூங்கிலின், பிற்காலத்தில் அலுமினியக் குழாயின் நுனியில் கட்டிய அரிவாளால் அண்ணாந்து இழுக்க வேண்டும். தலைக்கு மேல் ஆடும் நெடுங்கம்பை நிலைநிறுத்துவதற்கே பாதி வலிமை செலவாகும். விழும் குலை பதினைந்து, இருபது கிலோ. சில அதனினும் மிகும். இது வலிப்பிடியின் ஆட்சி. ஆகவே ஆண்கள் குலை வெட்டினர். பெண்கள் உதிரிப்பழம் பொறுக்கவும் மருந்து தெளிக்கவும் அனுப்பப்பட்டனர்.

பெண்களுக்கு நுண்பிடி வேலை ஒன்று சிறிது காலம் எஞ்சியிருந்தது. செம்பனை பூக்கும்போது மகரந்தத்தைக் கையால் தூவிக் காய் பிடிக்கச் செய்யும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டு கொணரப்பட்டு மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது. வண்டு அவ்வேலையை மனிதரினும் நன்றாகச் செய்தது. காய்ப்பு மிகுந்தது, குலையின் எடை கூடியது. ஒரு வண்டு, பெண்களின் வேலையை வாங்கிக்கொண்டு ஆண்களின் சுமையை ஏற்றிவிட்டது! அறிவியலை நான் குறை கூறவில்லை. நாட்டுக்கு அதனால் வந்த வருவாய் பெரிது. ஆயினும், முப்பது ஆண்டு பழகிய கைகள் ஒரே பருவத்தில் பழகாத கைகளாக ஆனதை எந்த ஆண்டறிக்கையும் எழுதி வைக்கவில்லை.

மருந்து தெளிப்பும் பிடியின் வேலைதான். முதுகில் மருந்துத் தொட்டி. ஒரு கை நெம்புகோலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்க, மறு கை தெளிகோலைப் பற்றியிருக்கும். நாள் முழுவதும் தளராத பிடி. கையுறை அணிந்தால் நெம்புகோல் வழுக்குகிறது என்று பலர் அதனைக் கழற்றிவிட்டனர். வெறுங்கையில் பாராகுவாட் கசிந்தது. நகங்கள் நிறம் மாறிக் கழன்றன. அந்நஞ்சு நம் நாட்டில் தடை செய்யப்பட்டது 2020இல்தான்.

அன்னை செம்பனைக்கு மாற்றப்பட்டபோது ஐம்பதைக் கடந்திருந்தார். உதிரிப்பழம் பொறுக்குவது எளிதென்று தொடக்கத்தில் சொன்னார். பின்னர், குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது என்றார். பால்வெட்டில் அவருக்கு இருந்த பெயர் இங்கே இல்லை. அங்கே, 'அவங்க வெட்டின மரமா? தடவிப் பார்த்தாலே தெரியுமே' என்று பிறர் சொல்வார்கள். பழத்தை யார் பொறுக்கினாலும் பழம்தான். இந்த வேறுபாட்டைத் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையில் எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது?

2015இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மலேசியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரின் பிடி வலிமையை அளந்து, சில ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். பிடி ஐந்து கிலோ குறையக் குறைய இறப்பு நேரும் வாய்ப்பு 16 விழுக்காடு கூடுவதாகக் கண்டனர். கை தளர்வதால் சாவு வருகிறது என்பது இதன் பொருள் அன்று. உடலின் உள்நிலையைக் கை காட்டிக் கொடுக்கிறது என்பதே பொருள். மருத்துவர்கள் இப்பொழுது முதியவர் கையில் பிடிமானியைத் தருவது இதனால்தான். வாழ்நாள் முழுதும் உடலால் உழைத்தவர்க்குக் கை வலுவாகவே இருக்கும் என்று எண்ணுவது பிழை. நல்ல உணவும் ஓய்வும் சேர்ந்தால் உழைப்பு கையை வளர்க்கும். அவை இல்லாதபோது உழைப்பு கையைத் தேய்க்கும். தோட்டத்தில் நான் கண்ட முதியவர் பலருக்கு இரண்டாவதே நேர்ந்தது. அறுபது வயதில் அன்னையால் ஊறுகாய்ச் சாடியைத் திறக்க இயலவில்லை, பேரனிடம் நீட்டுவார். ஆனால் முருங்கைக்கீரையை உருவ உட்கார்ந்தால் ஒரு காம்பு கூடக் கலவாது.

இந்நாளில் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய 'சந்தாஸ்' என்னும் எந்திர அரிவாள் சில தோட்டங்களில் வழங்குகிறது. அதையும், பழைய அரிவாளையும் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் பிடித்திருக்கிறார்கள். அவர்களுடைய உள்ளங்கையை யாரும் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

லயம் இடிக்கப்படுவதற்கு முன் அன்னையின் கத்தியை எடுத்து வந்து வைத்திருந்தேன். ஆசிரியப் பணியின் இறுதி ஆண்டில் ஒருநாள் அதை வகுப்பிற்குக் கொண்டு சென்றேன். அலகில் துணி சுற்றியிருந்தது. பிள்ளைகள் கையில் வாங்கிப் பார்த்தார்கள். மரப்பிடியில் கட்டைவிரல் படும் இடம் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது என்பதைக் கண்டு சொன்னவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி. தன் பாட்டி வீட்டில் தேங்காய் துருவும் பலகையிலும் அப்படி ஒரு பள்ளம் இருக்கிறது என்றாள். அந்தப் பாட்டி எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார் என்று கேட்டேன். தெரியாது என்றாள். மறுநாள் கேட்டு வந்து சொன்னாள்: தோட்டத்தின் பெயர், நிரையின் எண், வெட்டிய ஆண்டுகள் இருபத்தேழு.